என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த நெரிசல்

எனக்குப் பொறாமை உண்டு. ஆமா, கட்டின புருஷன் மேலேதான். இதை வெளியே சொன்னால் எங்கள் அம்மா என் வாயைப் பொத்துவாள். சபையில் உள்ள அக்காமார் ஜெபம் பண்ண வீட்டுக்கே வந்து உட்காருவார்கள். வரட்டும், காப்பி போட்டுக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தியாவது தான் படித்த படிப்பையே படித்து, தான் சேர்ந்த ஆபீசிலேயே சேர்ந்து, தான் செய்கிற வேலையையே செய்கிற ஆளைக் கல்யாணம் கட்டிப் பார்த்திருக்கிறாளா? கட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும்.

நாங்கள் பார்ப்பது செல்போன் டவர் வேலை. டவரைக் கட்டுகிற வேலை இல்லை. கட்டின டவர் ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே ஜனங்களுக்கு இழுபறி, எந்த அமைப்பை மாற்றினால் சரியாகும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. செல்போன் கம்பெனிக்கு இதைச் செய்து கொடுக்கிற ஒப்பந்தக்காரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறோம். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் ஆபீஸ். இந்த வேலையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. வண்டியில் நாலைந்து போனையும் லேப்டாப்பையும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேகம் அளக்கிறவர்கள் ஒரு வகை. டவர் அனுப்புகிற எண்களைப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன நோய் என்று கண்டுபிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. இவர் முதல் வகை. நான் இரண்டாவது.

நான் ஏன் இரண்டாவது என்று கேட்டால், நான் கேட்டு வாங்கினது இல்லை. சேர்ந்த அன்றைக்கே "பொம்பளப் பிள்ளைய எதுக்கு வெயில்ல அலைய விடணும்" என்று மரியாதையாகச் சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்த நாற்காலியும் வீட்டுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில், துணி மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள டவர்களுக்கு நான் நாடி பார்க்கிறேன். அத்தை, அதாவது இவருடைய அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இவருக்கோ ஊரெல்லாம் உறவு. சாத்தான்குளத்துக் கடைக்காரர் ஒருத்தர் கருப்பட்டி கொடுத்துவிடுவார். மணிமுத்தாறு பக்கம் போனால் யார் வீட்டிலோ சாப்பாடு. "தம்பி வந்துட்டாரு, இனி டவர் சரியாயிரும்" என்பார்கள். இவர் டவரைத் தொடக்கூட மாட்டார். அளந்துவிட்டு வருவார், அவ்வளவுதான். சரிபண்ணுவது பின்னறையில் உட்கார்ந்திருக்கிற கூறுகெட்டவள். அவள் முகம் எந்த ஊருக்குத் தெரியும்?

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கல்லூரியில், போனும் டவரும் பேசிக்கொள்கிற சிக்னலிங் பாடத்தை இவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அப்போது "ஏலே" என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு அத்தை காதில் விழும் என்று "என்னங்க" ஆயிற்று. அத்தை வீட்டில் இல்லாதபோது பழைய பெயர் தானாக வாயில் வந்துவிடும்.

எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போகிறார் என்று தெரிந்தபோது எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்றால் சும்மா இல்லை. குளிக்கும்போது, தோசை சுடும்போது, பிள்ளைக்குத் தலை சீவும்போது எல்லாம் அதே நினைப்பு. லீடர் என்றால் ஆபீசுக்குப் போகலாம், கள ஆட்களைக் கேள்வி கேட்கலாம், மதுரையில் இருக்கிற மேனேஜரிடம் நேராகப் பேசலாம். இந்தத் துணி மடிக்கிற மேசையிலிருந்து எழுந்திருக்கலாம். ஆபீசில் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. என் வேலையைப் பார்த்தால் அவர்களுக்கே தெரிய வேண்டாமா என்று ஒரு வீராப்பு. இவரிடம் மட்டும் சாப்பிடும்போது சொன்னேன். "உனக்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார். இன்னொரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் உவரியிலிருந்து புகார் வந்தது. உவரியில் காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீன் ஏலம் நடக்கும். ஏலத்தில் நிற்கிற வியாபாரிகள் சாத்தான்குளம், திசையன்விளை என்று உள்ளூர்ச் சந்தைகளில் இருக்கிற தங்கள் ஆட்களுக்கு வாட்ஸப்பில் விலையைப் போடுவார்கள். அங்கிருந்து "எடு", "விடு" என்று பதில் வரும். அதைப் பார்த்துத்தான் ஏலம் கேட்பார்கள். அந்தச் செய்தி போய்ச்சேராமல் சுற்றிக்கொண்டே நிற்கிறதாம். ஏலம் முடிந்து, மீன் வண்டியில் ஏறின பிறகு "எடு" என்று பதில் வந்து விழுகிறதாம். யாருக்குத்தான் எரியாது?

செல்போன் கம்பெனியின் அறிக்கையோ அந்த டவரில் பாதி இடம் காலி என்று சொன்னது. இவர் போய் அளந்து பார்த்தார். வேகம் அருமை. "குறை ஒன்றும் இல்லை, வாடிக்கையாளர் போன்கள் பழசு" என்று எழுதிப் புகாரை மூடுவதாக இருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அத்தனை வியாபாரி கையிலும் பழைய போனா இருக்கும்? இவர் இன்னொரு தடவை உவரிக்குப் போகிற சனிக்கிழமை, "நானும் பிள்ளையும் வாறோம், கோவிலையும் கடலையும் பாத்துட்டு வரலாம்" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டேன். பிள்ளைக்குக் கடல். எனக்கு டவர்.

கரையில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாளை மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. வண்டி டிக்கியைத் திறந்து லேப்டாப்பை வைத்து, இவர் டெஸ்ட் போனில் ஒரு பெரிய ஃபைலை இறக்கினார். கோடு சரசரவென்று மேலே ஏறியது. "பாரு, பறக்குது" என்றார். ஒரு வியாபாரி, நரைத்த மீசைக்காரர், என் முகத்துக்கு நேரே தன் போனை நீட்டினார். "இந்தா பாரும்மா. டவரு முழுசா காட்டுது. வெலையப் போட்டா சுத்துது. சுத்திக்கிட்டே கெடக்கு. தம்பி என்னடான்னா பறக்குதுங்காரு."

நான் என் போனை எடுத்து, அம்மாவுக்கு "உவரிக்கு வந்திருக்கோம்" என்று ஒரே ஒரு வரி போட்டேன். சுற்றியது. பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், இவருடைய டெஸ்ட் போன் ஒரு சினிமாவையே விழுங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய ஒரு வரி போகவில்லை. பிள்ளை "கடலு, கடலு" என்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்ன சவமடா இது! பெரிய மூட்டை போகிறது, சின்னப் பொட்டலம் போகமாட்டேன் என்கிறதே!

திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. பனங்காடு தாண்டி நாங்குநேரிப் பக்கம் வரும்போது சட்டென்று பிடிபட்டது. திங்கட்கிழமை மேசையில் உட்கார்ந்து, யாரும் எட்டிப் பார்க்காத எண்களை எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்ததுதான்.

அதை இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும். போன் தன் இஷ்டத்துக்கு எதையும் அனுப்ப முடியாது. ஒரு வார்த்தையானாலும் முதலில் டவரிடம் கையைத் தூக்கிக் கேட்கவேண்டும். டவர் கொஞ்சம் இடம் கொடுத்து "எவ்வளவு வச்சிருக்கே?" என்று கேட்கும். போன் அளவைச் சொல்லும். பிறகுதான் "இந்த நொடியில், இந்த அலைத்துண்டில் அனுப்பு" என்று கட்டளை வரும். நமக்கு வருகிற செய்தியும் அப்படித்தான். "உனக்கு ஒண்ணு வருது, இந்தத் துண்டில் எடுத்துக்கோ" என்று கட்டளை முன்னால் வரும், சரக்கு பின்னால் வரும். ஒரு விநாடியை ஆயிரமாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்கிலும் யாருக்கு எந்தத் துண்டு என்று டவர் புதிதாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு நறுக்கின் தலைப்பிலும் கட்டளைகளுக்கென்று கொஞ்சூண்டு இடம் ஒதுக்கியிருக்கும். மிச்சம் முழுக்கச் சரக்குக்கு. அறிக்கையில் பாதி காலி என்று வந்ததே, அது சரக்கு இடம். கட்டளை இடமோ காலை ஏல நேரத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதி நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வாசலில் கூட்டம். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். கூப்பிடுகிற மாமா ஒரே ஒருத்தர். அவர் எத்தனை பேரைத்தான் கூப்பிடுவார்? வியாபாரிகள் போடுவதெல்லாம் துண்டு துண்டுச் செய்தி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூப்பிடவேண்டும். அதோடு கடலில் திரும்பி வந்துகொண்டிருக்கிற வள்ளங்களிலிருந்து, என்ன பாடு, எவ்வளவு மீன் கிடைத்தது என்று கரைக்குப் போன் போடுகிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற போனுக்குக் கட்டளை காதில் விழவேண்டுமென்றால் அதையே திரும்பத் திரும்ப எழுதி, எட்டுப் பேர் இடத்தை ஒரே ஆளுக்குச் செலவழிக்கவேண்டும். மாமா தெருக்கோடியில் நிற்கிறவனை எட்டுத் தடவை கத்திக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். எங்கள் வீட்டுக்காரருடைய டெஸ்ட் போன் என்ன செய்தது? ஒரே கூப்பிடலில் ஒரு வரிசை நாற்காலியை மொத்தமாக அள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. நாற்காலிதான் காலியாகக் கிடக்கிறதே! அதனால் இவருக்குப் பறந்தது. எங்கள் வேலையில் எல்லாரும் பெரிய ஃபைலை இறக்கித்தான் அளப்பார்கள். வேறு மாதிரி அளக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவது கிடையாது.

இதற்கு மேலும் ஒன்று கண்ணில் பட்டது. அந்த டவரில், கேட்காத போனுக்கும் "அனுப்ப ஏதாவது இருக்கா, இருக்கா" என்று சும்மாவே கட்டளை போடுகிற அமைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப் போட்டால் டெஸ்ட் போனுக்குப் பதில் சட்சட்டென்று வரும், அளக்கும்போது எண் அழகாக இருக்கும். மற்ற போன்களோ "என்கிட்ட ஒண்ணுமில்ல" என்று வெறும் பதிலை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வெட்டிக் கேள்விக்கும் கட்டளை இடம்தானே செலவாகிறது? சரி, இதைப் போடச் சொன்ன புண்ணியவான் யார் என்று பார்த்தேன். போன வருஷம் இவர்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

அய்யோ, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை பெண்கள் ஐக்கிய ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். இவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, பந்தி, மாமா, தெருக்கோடி, நாற்காலி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஏலே, அந்த வெட்டிக் கட்டளைய போடச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"நீதாம்லே. உன் டெஸ்ட்ல எண்ணு அழகா வரணும்னு கேட்டிருக்க. அது அங்கன ஊரையே கெடுத்துட்டு கெடக்கு."

இவர் மீனைக் கீழே வைத்தார். பிறகு, "அப்படியா இருக்கும்?" என்றார். கோபமே இல்லை. "அந்தப் பந்திக் கதைய இன்னொருக்க சொல்லு" என்றார். நான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன், கோட்டிக்காரி.

புதன்கிழமை மதுரை மேனேஜரோடு எல்லாரும் கூடிப் பேசுகிற போன் கூட்டம். இவர் ஆபீசிலிருந்து சேர்ந்திருந்தார். நான் பின்னறையிலிருந்து, மைக்கை அணைத்துவிட்டு, தலை சீவி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளே இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, மேனேஜரும் இருக்கிற பொதுக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். மேனேஜர் உவரி என்று ஆரம்பித்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கை மைக் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. "உவரி என்னாச்சு?" என்று பொதுவாகக் கேட்டார். ஒரு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு மூச்சில் இவர் பேசிவிட்டார்.

"சார், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வச்சுக்கிடுங்க" என்று ஆரம்பித்தாரே பார்க்கணும்! மாமா வந்தார். தெருக்கோடி வந்தது. எட்டுத் தடவை கத்தல் வந்தது. நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். மாமாவின் தொண்டை கட்டின குரலைக்கூடப் போட்டுக் காட்டினார். மேனேஜர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் இவர் சொன்னார்: "இதக் கண்டுபிடிச்சது நான் இல்ல சார், எங்க வீட்டுக்காரி. அந்தக் கேக்காத கட்டளைய போன வருஷம் போடச் சொன்னதுதான் நானு. அது என் தப்பு."

சரி, உண்மையைத்தானே சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். முழுப் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மேனேஜர், "தன் தப்பைத் தானே சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும்ங்க" என்றார். "வீட்டம்மாவுக்கு கிரெடிட் கொடுக்கிறாரு பாருங்க" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. என்னுடைய கண்டுபிடிப்பு அங்கே இவருடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாகப் போய்விட்டது. தப்புச் செய்தது இவர், பாராட்டும் இவருக்கு. நான் மைக்கைத் திறந்து "நானும் இருக்கேன் சார்" என்று சொல்வதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் இவரை லீடர் ஆக்கினார்கள்.

இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை இவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள். பிள்ளை கைதட்டியது. நானும் ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன். அத்தை பிள்ளையைத் தூங்க வைக்கப் போனதும் கேட்டேன்.

"எனக்கு வேணும்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு?"

"அவரு மாறிப் போறாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே மேனேஜர்ட்ட போன் பண்ணி, எனக்குத் தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லி வச்சேன். நீயும் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"என் தட்டுல மீன வச்சியே, அப்பவே கேட்டுட்டியா?"

இவர் அல்வாப் பெட்டியை மூடினார். கேட்டுவிட்டிருக்கிறார். என் தட்டில் மீன் துண்டை வைக்கும்போதே கேட்டு முடித்திருக்கிறார். நான் என் வேலை பேசும், வேலை பேசும் என்று உட்கார்ந்திருக்கிறேன். டவர் யாருக்கு எப்படி இடம் கொடுக்கும் என்று பாடம் எடுத்த மூதிக்கு, தனக்கு ஒன்று வேண்டுமென்றால் கையைத் தூக்கவேண்டும் என்று தெரியவில்லை! இவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. ஆனாலும் பாதிதான். மிச்சப் பாதியை இவர் மேல் வைத்துக்கொண்டேன், பத்திரமாக.

ஒரு மாதம் நான் இவருக்கு அறிக்கை அனுப்பினேன். "டீம் லீடர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து. பக்கத்து அறையில்தான் படுக்கை, ஆனால் மெயிலில் மரியாதை. உவரியில் கேட்காத கட்டளையை நிறுத்தினார்கள், கட்டளை இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். ஏலக் கரையில் செய்தி ஓட ஆரம்பித்தது. மீசைக்கார வியாபாரி இவருக்குப் பெரிய சீலா மீன் ஒன்றைக் கொடுத்துவிட்டார். "தம்பி சரி பண்ணிட்டாருல்லா" என்று சொன்னாராம். அந்த மீனை நறுக்கினது நான். ஒவ்வொரு துண்டாக நறுக்கும்போதும் எனக்குள் என்ன ஓடிற்று என்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு மத்தியானம், இவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம், நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். ஒளிவுமறைவு கிடையாது. சாப்பாட்டு மேசையில், இவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டேன்.  

"சார், உவரியில கண்டுபிடிச்சது நான்தான். அத உங்களுக்கு எழுதி அனுப்பினதும் நான்தான். இனிமே கடற்கரை ஊர்ல எங்கன இப்படிப் புகார் வந்தாலும் என்கிட்டக் கொடுங்க. நானே போய்ப் பாக்குதேன். எனக்கு அந்த வேலை வேணும் சார்."

மேனேஜருக்கு ஆச்சரியம். "நீங்க ஃபீல்டுக்கு வருவீங்களா? வரமாட்டீங்கன்னுல்ல நினைச்சிருந்தோம்" என்றார். அப்படி நினைக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. "வருவேன் சார்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. கம்பெனியில கடற்கரை டவர் அத்தனையிலயும் இதே நோய் இருக்கான்னு பாக்கச் சொல்லி உசுர வாங்குறாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டதான் கொடுக்கலாம்னு இருந்தேன். நீங்களே எடுத்துக்குங்க. நேரா எனக்கே ரிப்போர்ட் பண்ணுங்க, நடுவுல யாரும் வேண்டாம். அவர் டீம்ல ரெண்டு பேரையும், அவர் வச்சிருக்கிற வண்டியையும் உங்களுக்கு விடச் சொல்லிடுறேன்."

"நன்றி சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். 

இவர் பிசைந்த சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "நல்லது" என்றார். பிறகு, "வண்டியுமா?" என்றார்.  தண்ணீர் எடுத்துக் குடித்தார். 

"அப்போ பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?"

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அத்தை. "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றார்கள்.

நான் இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கீழுதடு உள்ளே மடங்கியிருந்தது. கண் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தது. சிரிக்கவேண்டும் என்று தெரிகிறது, சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்த்து வந்த முகம். இவரிடம் அது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன், என் மேல் பொறாமைப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

பரிதாபப்பட்டிருக்கவேண்டும். நல்ல பெண்டாட்டி என்றால் பரிதாபப்பட்டிருப்பாள். நான் அத்தையிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.